ஜெயித்த வீட்டுக் கிணறு

தாழந்துறையில் ஊராட்சித் தேர்தல் முடிந்து, ஓட்டு எண்ணி, இன்னார்தான் தலைவர் என்று சொன்ன மறுநாள் விடியும்போது ஜெயித்தவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இனித்துவிடும். தோற்றவர் கிணறும், நிற்காதவர் கிணறும், கோயில் கிணறும், பள்ளிக்கூடக் கிணறும் எப்போதும்போல் உப்புக் கரித்துக்கொண்டு கிடக்கும். இது ஏன் என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஒரு தடவை பட்டணத்திலிருந்து தண்ணீர் பரிசோதிக்கிற ஆட்கள் கண்ணாடிப் போத்தல்களோடு வந்து, தங்கி, நண்டுக் குழம்பு சாப்பிட்டு, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது எங்களுக்கே தெரியுமே என்றார்கள் ஊர்க்காரர்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, நாமும் முடித்துக்கொள்வோம்.

ஓட்டுக் கேட்டு வருகிறவன் ரோடு போடுவேன், விளக்குப் போடுவேன் என்றால் தாழந்துறையில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். உன் கிணற்றுக்கு எத்தனை கப்பி, சுற்றுத்தளம் வழுக்குமா, வாசலில் நாய் உண்டா, உன் பெண்டாட்டி காலையில் நல்ல முகத்தோடு எழுந்திருக்கிறவளா, இதுதான் கேள்வி. ஐந்து வருஷம் அந்த முற்றத்தில் போய் நிற்கப்போகிறவர்கள் அவர்கள்தானே. கல்யாணமாகாத ஒருவன் நின்று, குடத்தோடு வருகிறவளை வா என்று சொல்ல வீட்டில் ஆளில்லாத ஒரே காரணத்துக்காக டெபாசிட் இழந்தான். கிணறே இல்லாத ஒருவன் மனுத்தாக்கலுக்கு முந்தி அவசர அவசரமாக ஒன்று தோண்டி, நின்று, தோற்றான். அந்தக் குழியில் இன்றைக்கும் கோழி விழுகிறது. ஜெயித்த வீட்டில் கதவைப் பூட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, நேற்றுத்தானே வந்தாய் என்று கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: நிற்கிறவர் தன் ஓட்டைத் தனக்கே போடக் கூடாது. ஊர் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறேன் என்று நிற்கிறவன், என் கிணறு இனிக்கட்டும் என்று தன் கையாலே முத்திரை குத்துவானா, வெட்கம் வேண்டாமா? எதிராளிக்குத்தான் குத்த வேண்டும். யாரும் போய் எட்டிப் பார்ப்பதில்லை. மறைப்புக்குள்ளே மனுஷனும் மாதாவும் மட்டும்தான்.

மெற்றில்டா இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். அங்கே தண்ணீர் என்பது வீட்டுக்குப் பின்பக்கம் வாய்க்காலில் தன் பாட்டுக்கு ஓடுகிற ஒன்று, அதை யாரும் பேச்சில்கூட எடுப்பதில்லை. தாழந்துறைச் சவரிமுத்துவைக் கட்டிக்கொண்டு வந்து, முதல் நாள் காலையில் வாய் கொப்பளித்தவள், "இதென்ன, அழுத கண்ணீரையா எறைச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் குற்றமில்லை. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, முடி தேங்காய் நாராகிவிடும். சவரிமுத்துவும் அவன் தம்பி தொம்மையும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போய், ஒரே மனையில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். நடுவில் இடுப்பளவு மதில். மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கிணறு, அந்தப் பக்கம் ஒரு கிணறு, இரண்டையும் ஒரே ஆள் ஒரே கோடையில் வெட்டினான். தொம்மையின் பெண்டாட்டி ஜெனோவா உள்ளூர்க்காரி. உப்புத் தண்ணீரிலேயே குளித்து உப்புத் தண்ணீரிலேயே வளர்ந்தும் அவளுக்கு முடி முழங்கால் வரைக்கும் தொங்கியது. மெற்றில்டாவுக்கு முதன்முதலில் வயிறு எரிந்தது அதைப் பார்த்துத்தான்.

எண்பத்தாறில் தேர்தல் வந்தபோது மெற்றில்டா புருஷனை நிற்கச் சொன்னாள்.

"எனக்கு நாலு பேரு முன்னால பேச வராதுட்டி" என்றான் சவரிமுத்து.

"நீரு பேசாண்டாம், நின்னா போதும். நான் பேசுதேன்."

"நீ பேசினா விழுற நாலு ஓட்டும் விழாது" என்று அவன் சிரித்தான். விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் மெற்றில்டா ஒரு வாரம் அவனுக்குச் சோற்றை மட்டும் வைத்துவிட்டு முகத்தைக் காட்டாமல் இருந்தாள். அதற்குள் தம்பி தொம்மை போய் மனு கொடுத்து, ஜெயித்தும் விட்டான்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மதிலுக்கு அந்தப் பக்கம் குடங்கள் மோதின, கப்பி கிறீச்சிட்டது, பெண்கள் சிரித்தார்கள், ஏ ஜெனோவா கற்கண்டுட்டி உன் தண்ணி என்று ஒருத்தி கத்தினாள், தொம்மை ஏதோ சொல்ல எல்லாரும் இன்னொரு தடவை சிரித்தார்கள், மெற்றில்டா இந்தப் பக்கம் தன் கிணற்றில் வாளியை இறக்கி, எடுத்து, ஒரு வாய் குடித்து, துப்பிவிட்டு, மறுபடியும் இறக்கினாள். மறுபடியும் உப்பு. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு கிணறு இனிக்கிறது, தன்னுடையது இனிக்கவில்லை என்றால் அந்தக் கிணற்றின் மேல் வருகிற கோபத்தைவிட அந்தக் கிணற்றுக்காரி மேல் வருகிற கோபம்தான் பெரிது. ஊரே ஜெனோவா வாசலில் நின்றது, மெற்றில்டா போகவில்லை. ஜெனோவா தினமும் காலையில் ஒரு நிறைகுடத்தை மதில்மேல் வைத்து, "அக்கா, எடுத்துக்கோ" என்று குரல் கொடுப்பாள். குடம் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருக்கும், காக்காய் குடிக்கும், ஜெனோவா ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கழுவி மறுநாளும் நிறைத்து வைப்பாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும். வேகாத பருப்பைத் தின்று மெலிந்த சவரிமுத்து தம்பி வீட்டில் திருட்டுத்தனமாக டீ குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவான். மெற்றில்டா கிட்டே போய் மோந்து பார்ப்பாள். "நல்ல தண்ணி டீ" என்பாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன் கிணறு இனிக்க வேண்டும், ஊரெல்லாம் பார்த்திருக்க ஜெனோவா வெறுங்குடத்தோடு தன் வாசலில் வந்து நின்று, அக்கா ஒரு வாளி என்று கேட்க வேண்டும். இல்லை என்று சொல்கிற எண்ணம் அவளுக்குக் கிடையாது. கொடுப்பாள், தாராளமாகக் கொடுப்பாள், கொடுக்கும்போது ஜெனோவாவின் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பாள். அதைப் பார்த்துவிட்டுச் செத்தால்கூடச் சரிதான் என்று அந்தோணியார் சுரூபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது சொன்னாள். இப்படியும் ஒரு வேண்டுதலா என்று அந்தோணியார் என்ன நினைத்தாரோ!

தொம்மையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தலை வைக்காமல் தனி அலுவலர் என்று ஒருவரைப் போட்டார்கள், ஜெனோவா வீட்டுக் கிணறு ஒரே காலையில் உப்பாகிவிட்டது. இனிப்பு எங்கே போய்த் தொலைந்தது என்று ஊர் தேடித் தேடி, கடைசியில் ஒன்றிய அலுவலகத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளையும் பழைய பேப்பரையும் போட்டு வைத்திருந்த பாழுங்கிணற்றில் அதைக் கண்டுபிடித்தது. "சரிதானே, இப்ப அதுதானே தலைவர் வீடு" என்று சொல்லிக்கொண்டு நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டார்கள். பெண்கள் குடங்களோடு பஸ் ஏறினார்கள், கண்டக்டர் குடத்துக்கும் டிக்கெட் கிழித்தான், தனி அலுவலர் ஜன்னலைத் திறந்து இதென்ன கூத்து என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டார், அடுத்த வாரத்திலிருந்து அவரும் ஒரு செம்பை வெளியே நீட்டினார். அந்த வருஷங்களில் மெற்றில்டாவும் ஜெனோவாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போய், ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். ஜெனோவா அவள் தோளில் சாய்ந்து தூங்குவாள். அந்த நீளமான முடியை மெற்றில்டாவே மடியில் போட்டுச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். இரண்டு வீட்டிலும் உப்பு ஒரே உப்பாக இருந்தவரைக்கும் மெற்றில்டாவைப்போல ஒரு தங்கமான மனுஷி கிடையாது.

தொண்ணூற்றாறில் தேர்தல் வந்தது, தாழந்துறைத் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். ஊர் போய் ஜெனோவாவைக் கேட்டது. கேட்டது தெரிந்த அன்றைக்கே மெற்றில்டா போய் மனு கொடுத்தாள். பஸ் சீட்டும் பின்னலும் அன்றோடு போயிற்று. மெற்றில்டா சுற்றுத்தளம் போட்டாள், இரண்டு கப்பி மாட்டினாள், வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெண்கள் சிரித்துக்கொண்டே, "அக்கா, கெணறு நல்லாத்தான் இருக்கு, ஒங்க மொகத்தை நெனைச்சாத்தான் பயமா இருக்கு" என்றார்கள். ஓட்டுப்போடும் அன்று மறைப்புக்குள் நின்று, ஊர் முறைப்படி, தன் கையாலே ஜெனோவாவின் பூட்டு சாவிச் சின்னத்தில் முத்திரையைக் குத்தினாள். ஜெனோவா அள்ளிக்கொண்டு போனாள். மறுநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் குடங்கள் மோதும்போது மெற்றில்டா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் கிணற்றுக்கு என் கையாலேயே சர்க்கரை போட்டேனே, படுபாவி, என்று வாய்விட்டு அழுதாள். அடுத்த தடவையும் ஜெனோவாதான். மதில்மேல் மறுபடியும் நிறைகுடம், மறுபடியும் காக்காய்.

அந்த இரண்டாம் தடவை முடியப்போகிற சமயத்தில் தொம்மை இறந்துபோனான். அடக்கத்தில் ஜெனோவாவைவிட மெற்றில்டா அதிகமாக அழுதாள், அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்புறம் வடக்குத் தெரு பர்னபாஸ் வீட்டுக் கிணறு வெகு காலம் இனித்தது. அங்கே மெற்றில்டா முதல் ஆளாகக் குடத்தோடு போய் நின்றாள், தண்ணீரைப் புகழ்ந்தாள், பர்னபாஸ் பெண்டாட்டிக்கு மாங்காய் ஊறுகாய் கொண்டுபோய்க் கொடுத்தாள். இதைக் கவனித்த சவரிமுத்து, "அப்போ ஒனக்குத் தண்ணி ஒரு காரியமில்லை" என்றான். "ஒம்ம வேலையைப் பாரும்" என்றாள் அவள்.

மறுபடியும் தனி அலுவலர், மறுபடியும் பஸ், அப்புறம் இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் வருஷக் கடைசியில் மறுபடியும் தேர்தல், மறுபடியும் பெண்களுக்கு. இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது. ஜெனோவா வேண்டாம் வேண்டாம் என்றாள், ஊர் விடவில்லை. மெற்றில்டாவை யாரும் கேட்கவில்லை, அவளே நின்றாள். ஆனால் இந்தத் தடவை அவள் வேறு மாதிரி நின்றாள். சுற்றுத்தளத்துக்குச் சொரசொரப்பான ஓடு பதித்தாள், முழங்கால் வலிக்காரிகளுக்கு என்று உட்கார ஒரு கல் போட்டாள், கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினாள். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. எதிரே வந்தவர்களை எல்லாம் ஏ மக்கா, ஏ ராசாத்தி என்று கூப்பிட்டாள், ஊர் கொஞ்சம் மிரண்டுதான் போனது, மிரட்சி தெளிந்ததும் பரவாயில்லையே என்றது. ஜெனோவா வீட்டு முற்றம் எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது, புது முற்றம் பார்த்தால் என்ன என்று பாதி ஊர் நினைத்தது.

மறைப்புக்குள் அவள் இளஞ்சிவப்புச் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். ஜெனோவாவின் பூட்டு சாவி மேலே இருந்தது, தன்னுடைய கை உருளைச் சின்னம் கீழே இருந்தது. முத்திரையைப் பூட்டு சாவிக்கு நேரே கொண்டுபோனாள், கை இறங்கவில்லை. மாதாவே, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள் என்றாள். குத்திவிட்டு, மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, வரிசையில் நின்ற ஜெனோவா, "ஒனக்குத்தான் அக்கா குத்தப்போறேன்" என்று கண்ணைச் சிமிட்டினாள். "நானும் ஒனக்குத்தான்" என்றாள் மெற்றில்டா.

ஓட்டு எண்ணியபோது மெற்றில்டா ஒரே ஒரு ஓட்டில் முந்தினாள். திரும்ப எண்ணினார்கள், அதே ஒரு ஓட்டு. முறைப்படி ஜெனோவாவுக்குக் குத்தியிருந்தால் ஜெனோவா அதே ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பாள் என்பது அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. விளங்கினால் என்ன? மாலை போட்டார்கள், வெடி வெடித்தார்கள், ஜெனோவா கட்டிப்பிடித்துக்கொண்டாள், நாளைக்குக் காலைப் பூசை முடிந்து முதல் குடம் நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். மெற்றில்டாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பூசைக்கு மணி அடித்து ஊரெல்லாம் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவள் வாளியை இறக்கி, இழுத்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். உப்பு. வாயைத் துடைத்துவிட்டு மறுபடியும் இறக்கினாள். உப்பு. சரியாக விடியவில்லை போலிருக்கிறது என்று கிழக்கே பார்த்தாள், சூரியன் பனைக்கு மேலே வந்திருந்தது. பிறகு மதிலில் வயிற்றை அழுத்திக் குனிந்து, ஜெனோவாவின் கிணற்றில் வாளியைப் போட்டு எடுத்தாள். குடித்தாள். கற்கண்டு.

"என்னட்டி, இனிக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டான் சவரிமுத்து.

"இனிக்கும், இனிக்கும், நீரு போய்ப் படும்" என்றாள்.

அழக்கூட நேரமில்லை. மதிலுக்கு மேலாகவே இறைத்து இறைத்து, வீட்டில் இருந்த குடம், அண்டா, சோற்றுப் பானை எல்லாவற்றையும் நிறைத்துத் தன் கிணற்றடியில் வரிசையாக வைத்தாள். இன்று இது போதும், நாளைக்கு வேறு வழி பார்க்கலாம் என்று நினைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது பூசை முடிந்து ஊர் வந்துகொண்டிருந்தது. முன்னால் ஜெனோவா. நரைத்த பின்னல் இப்போதும் இடுப்புக்குக் கீழே ஆடியது, இடுப்பில் வெறுங்குடம். ஊரெல்லாம் பார்த்திருக்க வாசலில் வந்து நின்று, "அக்கா, ஒரு வாளி" என்றாள்.

இத்தனை வருஷமாகக் கேட்க ஏங்கிய அந்த வார்த்தை மெற்றில்டாவின் காதில் விழுந்துவிட்டது. அண்டாவிலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தாள். ஜெனோவா அண்ணாந்து குடித்தாள். பாதியில் நிறுத்தினாள். நாக்கைச் சப்பினாள். அவள் வருஷக்கணக்காகக் குடித்த தண்ணீர் அது, பெற்ற பிள்ளை குரல் மாதிரி அவளுக்கு அது தெரியும். மெற்றில்டாவைப் பார்த்தாள், மதில்மேல் ஈரத்தைப் பார்த்தாள், வரிசையாக நிறைந்திருந்த பாத்திரங்களைப் பார்த்தாள். பிறகு திரும்பி, "நல்லாருக்கு, நல்ல இனிப்பு" என்று ஊருக்குக் கேட்கச் சத்தமாகச் சொன்னாள். செம்பைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் குனிந்து, "பயப்படாத அக்கா, தெனமும் நான் அந்தப் பக்கத்துல இருந்து எறைச்சுத் தாரேன். ஒருத்தருக்கும் தெரியாண்டாம்" என்று காதில் சொன்னாள்.

அங்கேதான் மெற்றில்டாவுக்கு அடிவயிற்றிலிருந்து தீ மேலே ஏறியது. திருடினதற்கு ஒரு வார்த்தை திட்டாமல், பிடித்துக் கொடுக்காமல், இன்னும் ஐந்து வருஷம் இவள் இறைத்துக் கொடுக்க, நான் வாங்கிக்கொள்ள, ஒவ்வொரு நாளும் இவள் நல்லவளாக நிற்க, நான் இவள் முன்னால் நிற்க! தண்ணீரில் ஜெயித்தாள், ஓட்டில் ஜெயித்தாள், இப்போது இதிலும் இவளே ஜெயிக்க வேண்டுமா? செத்தாலும் விடமாட்டேன்.

"எனக்கே குத்துனேன்!" என்று கத்தினாள் மெற்றில்டா. "கேட்டுக்கோங்க எல்லாரும்! நான் என் ஓட்டை எனக்கே குத்துனேன்! என் கெணறு உப்பு, இது இவ கெணத்துத் தண்ணி, நான் திருடுனது! இவ மறைக்கச் சொல்லுதா, நான் மறைக்க மாட்டேன்!"

கப்பி ஆடாமல் தொங்கியது. ஜெனோவா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சவரிமுத்து வாசல்படியில் வந்து நின்று, தலையில் கை வைத்து, "இதுக்குத்தான் ஒன்னைப் பேசாண்டாம்னு சொன்னேன்" என்றான். மீன் விற்கிற ரெஜினா குடத்தை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "அப்ப கையெழுத்துக்கு இந்த வாசல், தண்ணிக்கு அந்த வாசல். வாங்கட்டி, வெயில் ஏறுது" என்றாள். ஊர் அப்படியே திரும்பி அடுத்த வாசலுக்குள் நுழைந்தது.

திட்டாமல் இல்லை, நன்றாகத் திட்டினார்கள். ஆனால் சான்றிதழ் மெற்றில்டா பெயரில் இருந்தது, அதை யாராலும் மாற்ற முடியாது. தண்ணீர் கொடுக்க முடியாத தலைவர் வேறு எதையாவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்? ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, சிரித்துப் பழகிய முகத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பழைய முகத்தோடு சண்டை போட்டு, கடற்கரைத் தெருவுக்கு விளக்கு வாங்கி வந்தாள். தாழந்துறையில் விளக்குப் போட்ட முதல் தலைவர் அவள்தான். தண்ணீருக்கு மட்டும் ஜெனோவா வாசலை மிதிக்கவில்லை. ஒருநாள் பருப்பு வேகவே இல்லை, சவரிமுத்து தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான். அன்றைக்கு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு மதிலைச் சுற்றிப் போய், வரிசையில் கடைசி ஆளாக நின்றாள்.

அவள் முறை வந்தது. ஜெனோவா வாளியை இழுத்துக் குடத்தில் ஊற்றினாள். மெற்றில்டா குடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி ஜெனோவா, நீ ஒரு நாளாவது என்னைப் பாத்து எரிஞ்சிருக்கியா?"

"எரியாமலா?" என்றாள் ஜெனோவா.

மெற்றில்டா நிமிர்ந்தாள். "எதுக்கு? என்கிட்ட என்ன இருக்கு எரியுறதுக்கு?"

"ஒன் வாசல் முத்தத்துக்கு அக்கா. காலையில நீ மணலைப் பெருக்கினா அந்த வாரியல் வரி சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடக்கும், ஒரு கால் படாது. நான் பெருக்கித் திரும்புறதுக்குள்ள ஊரு முழுக்க மிதிச்சிருக்கும். நீயும் அத்தானும் ரெண்டே பேரா அங்கன உக்காந்து சண்டை போடுவீங்க, கொஞ்ச நேரத்துல சிரிப்புச் சத்தம் கேக்கும். எங்க வீட்டுக்காரர் இருந்த காலம் பாதி ஊருக்குத் தண்ணி எறைச்சே போச்சு. தனியா உக்காந்து அவருகூட ஒரு வாய் சோறு தின்ன ஞாபகம் இல்லை எனக்கு. மதில்ல கொடத்தை வைக்க வரும்போதெல்லாம் பாப்பேன். வயிறு பத்திக்கிட்டு எரியும். ஒரு நாளு ஆங்காரம் தாங்காம கோழியை வேணும்னே ஒன் முத்தத்துக்குள்ள ஏவிவிட்டேன்."

"அது நீயா?"

"நான்தான்."

மெற்றில்டாவின் முகத்தில் கண்ணாடி முன்னால் எத்தனை பழகியும் வராத ஒரு சிரிப்பு வந்தது. அதை மறைக்க அவள் கீழே குனிந்தாள், மறைக்க முடியவில்லை.

"ரொம்பவா எரிஞ்ச?"

"ரொம்ப அக்கா."

"பொய் சொல்லாத."

"மாதா மேல சத்தியமா."

குடம் நிறைந்து தளும்பித் தளத்தில் ஓடியது. புதிதாக வந்து பின்னால் நின்றவர்கள், "ஏ தலைவரம்மா, நெறைஞ்சாச்சு, நகருங்க" என்று சத்தம் போட்டார்கள். மெற்றில்டா நகரவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு கிணற்றுச் சுவரில் வசதியாகச் சாய்ந்து நின்றாள்.

"முதல்ல இருந்து இன்னொரு தடவை சொல்லுட்டி" என்றாள்.